படத் தபாலட்டைகளும் ஈழத்து ஊர் வரலாறும்

ஈழத்து வரலாற்றாய்விற் சாசனம், நாணயம், ஏடு, அரசாங்க அறிக்கை என்பனவே நெடுங்காலமாக முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டு வந்துள்ளன. அரசையும் ஆட்சியையும் பற்றி அவை பேசும் அளவிற்குச் சந்தையையும் தெருவையும் இறங்குதுறையையும் பற்றிப் பேசுவதில்லை. அவ்விடைவெளியை ஓரளவு நிரப்பவல்லவை, பழைய பெட்டிகளின் அடியிற் கிடந்து மங்கிவரும் படத் தபாலட்டைகளும் ஒளிப்படங்களுமாகும்.

தபாலட்டை முதன்முதலாக 1869 ஒக்டோபர் 1ஆம் திகதி ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் வெளியிடப்பட்டது. அதே ஆண்டிற் சுயஸ் கால்வாயும் திறக்கப்பட்டது. 1875இல் தொடங்கி 1885இல் நிறைவெய்திய தென்மேற்கு அலைதடுப்பு அணை, கொழும்பைப் பெருங்கப்பல்கள் தங்கும் துறைமுகமாக்கிற்று. கப்பல் நிலக்கரி ஏற்றும் சில மணி நேரத்திற் கரையிறங்கிய ஐரோப்பியப் பயணிக்கு, கண்டதை ஊருக்கு அறிவிக்க மலிவானதொரு பொருள் தேவைப்பட்டது. 1890இல் கொழும்பில் நிறுவப்பெற்ற பிளாட்டே நிறுவனம் போன்றவை அத்தேவையை நிறைவு செய்தன. எனவே, இவ்வட்டைகள் ஊரவருக்காக எடுக்கப்பட்டவையல்ல என்பது முதற்கண் மனங்கொள்ளற்பாலது.

இவற்றைச் சான்றாகக் கொள்வோர் படத்தை மட்டுமன்றிப் பின்புறத்தையும் நோக்குதல் வேண்டும். பிரித்தானியாவில் 1902இலேயே செய்தியும் முகவரியும் பின்புறத்தில் அடுத்தடுத்து எழுத அனுமதிக்கப்பட்டன. பிற நாடுகள் பின்னர் இம்முறையைக் கைக்கொண்டன. ஆதலால், நடுக்கோடில்லாத பின்புறம் அட்டையின் பழமைக்கு ஓர் அறிகுறியாகும். தபால் முத்திரை, படம் எடுக்கப்பட்ட காலத்தின் பிந்திய எல்லையை மட்டுமே காட்டும். ஒரே படம் பல்லாண்டுகள் மீள அச்சிடப்பட்டதுண்டு. கறுப்பு வெள்ளைப் படத்திற்கு அச்சகத்தில் நிறமூட்டியவர் அக்காட்சியைப் பெரும்பாலும் நேரிற் கண்டவரல்லர். எனவே சேலையின் நிறத்தைக் கொண்டு அக்கால உடையைத் துணிதல் பொருந்தாது.

இவ்வட்டைகளில் மிகுதியாக இடம்பெற்ற காட்சிகளுள் ஒன்று தேயிலை கொய்யும் பெண்களாகும். 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பிச் செய்கை வீழ்ச்சியுற, அதனிடத்தைத் தேயிலை பெற்றது. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் கூடையுடன் வரிசையாக நிறுத்திப் படம் பிடிக்கப்பட்டனர். படத்தின் கீழ்த் தோட்டத்தின் பெயர் இருக்கலாம். கொய்பவளின் பெயர் இராது. ‘தமிழ்க் கூலி’ என்ற இனப் பெயரும் தொழிற் பெயருமே அவளுக்கு உரியனவாயின. அவளது உருவம் கடல்கடந்து சென்ற அதே நூற்றாண்டில், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பிரித்தது. நாட்டின் அடையாளமாக விற்கப்பட்ட முகம், நாட்டின் குடியாக ஏற்கப்படாமற் போன முரண்பாட்டை இவ்வட்டைகள் தம்மையறியாமலே பதிவு செய்துள்ளன.

அழிந்தவற்றுக்குச் சான்றாகும் பணி வேறொன்று. யாழ்ப்பாணக் கோட்டையினுள் ஒல்லாந்தர் 1706இல் அமைத்த சிலுவை வடிவிலான தேவாலயம் 1990இல் மூண்ட போரின்போது அழிந்தது. இன்று அதன் தோற்றத்தை அறிய விரும்பும் மாணவருக்குப் பழைய ஒளிப்படங்களே துணையாகின்றன. எனினும் படத்தின் எல்லையும் உணரத்தக்கது. 1981 ஜூன் தொடக்கத்தில் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் 2003இல் மீளத் திறக்கப்பட்டது. கட்டடத்தின் உருவத்தைப் படங்கள் காத்துவைத்தன. அங்கிருந்து அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஏட்டுச் சுவடிகளையும் எந்தப் படமும் காக்கவில்லை.

வணிகர் எடுத்த படங்கள் நூதனசாலைகளிலும் சேகரிப்போரிடத்தும் எஞ்சியுள்ளன. வீட்டுச் சுவரிற் தொங்கிய திருமணப் படங்களும் பள்ளிக்கூடக் குழுப் படங்களும் அவ்வாறு எஞ்சவில்லை. 1983 யூலை வன்செயல், 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமை, 1995 ஒக்டோபர் இறுதியில் நிகழ்ந்த வலிகாமம் இடப்பெயர்வு என்பவற்றின்போது கையில் எடுத்துச் செல்லக்கூடியவற்றுள் அவை கடைசியிடத்தையே பெற்றன. ஊரவர் தமக்கென எடுப்பித்த படங்கள் குறைந்து, பிறர் விற்பனைக்கு எடுத்தவை மிகுந்துள்ளமையால், பழைய ஈழத்தைப் பற்றிய காட்சிச் சான்று ஒருபக்கச் சார்பாகவே அமைந்துள்ளது.

பழம்படத்தைக் கண்டு ஏங்குதல் இயல்பு. ஆனால் ஏக்கம் மட்டும் வரலாறாகாது. எஞ்சிய குடும்பப் படங்களின் பின்புறத்தில் ஆளின் பெயர், ஊர், ஆண்டு என்பவற்றை எழுதிவைத்தல் வேண்டும். அவற்றைச் சொல்லவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் மறைந்தபின், அப்படங்களில் உள்ளோரும் தேயிலைக் கூடையுடன் நிற்கும் அப்பெண்ணைப் போலவே பெயரற்றவராவர்.