ஏலமும் பட்டுவாடாவும்: தமிழ்நாட்டு ஊராட்சித் தேர்தல்களில் பணம் வளர்ந்த வரலாறு

2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிடுபவர் செலவிடலாம் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் வரையறுத்த உச்சத் தொகை 34,000 ரூபாய். அதே மாதத்தில் கடலூர் மாவட்டம் நடுக்குப்பம் ஊராட்சியில் தலைவர் பதவி 50 லட்சம் ரூபாய்க்கும் துணைத்தலைவர் பதவி 15 லட்சம் ரூபாய்க்கும் ஏலம் போனதாகச் செய்தி வெளியானது. மாவட்ட நிர்வாகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. சட்டம் எழுதிவைத்த தொகைக்கும் ஊரில் கைமாறும் தொகைக்கும் இடையிலான இந்தத் தூரம் ஒரே நாளில் உண்டானதன்று. உள்ளாட்சிப் பதவி எதற்குப் பயன்பட்டது, அதை அடைய எது தேவைப்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒவ்வொரு காலத்திலும் கிடைத்த விடைகளில்தான் அதன் வரலாறு இருக்கிறது.

ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் 1884-இல் உள்ளாட்சிக் கழகச் சட்டமும் நகராட்சிச் சட்டமும் வந்தன. வாக்குரிமை வரி செலுத்துவோருக்கு மட்டுமே இருந்தது. வாக்காளர் சிலரே. அவர்களில் செல்வாக்குப் பெற்றிருந்தவர்கள் நிலக்கிழார்கள், வணிகர்கள், வழக்கறிஞர்கள். அன்றைய தேர்தலில் பணம் பேசியது உண்மை. ஆனால் அது ரொக்கமாக வீடுதோறும் போகவில்லை. கடன் கொடுத்தவர், குத்தகைக்கு நிலம் விட்டவர், கோயில் தர்மகர்த்தா என்ற உறவுகளின் வழியாகவே வாக்கு வந்தது. ஆண்டு முழுவதும் ஒருவருடைய நிலத்தையோ கடனையோ நம்பிப் பிழைத்த வாக்காளருக்குத் தேர்தல் நாளில் தனியாக எதுவும் தர வேண்டியிருக்கவில்லை.

பதவியின் மதிப்போ அப்போதே பெரிது. சாலை, பாலம், பள்ளி, மருத்துவமனை ஆகியவை மாவட்டக் கழகங்களின் பொறுப்பில் இருந்தன. தஞ்சாவூர் மாவட்டக் கழகம் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ரயில் பாதையே போட்டது. 1920-ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின், நீதிக்கட்சி ஆட்சியில், கழகத் தலைவர்கள் அதிகாரிகளின் பிடியிலிருந்து விலகி அரசியல்வாதிகளானார்கள். ஒப்பந்தம், ஆசிரியர் நியமனம் ஆகியவற்றால் ஆதரவாளர் வட்டத்தைக் கட்டிக்கொள்ள முடிந்தது. உள்ளூர்ப் பதவி மாகாண அரசியலுக்கு ஏணியாக மாறியது இக்காலத்தில்தான்.

அதே 1920-இல் தேர்தல் குற்றங்கள் பற்றிய தனி அத்தியாயம் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது. வாக்குக்குக் கைக்கூலி கொடுப்பதும் வாங்குவதும் குற்றமாயின. தண்டனை ஓராண்டுச் சிறை வரை. உணவு, பானம், கேளிக்கை ஆகியவற்றால் வாக்காளரை மகிழ்விப்பது தனி வகையாக வரையறுக்கப்பட்டு, அதற்கு அபராதம் மட்டும் விதிக்கப்பட்டது. பிரியாணிக்கும் மதுவுக்கும் ரொக்கத்தைவிட இலேசான தண்டனை என்ற இந்த ஏற்பாடு, அச்சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே தொடர்கிறது. நூறாண்டுக்கு முன் ஒரு சிலருக்கே வாக்குரிமை இருந்த தேர்தலுக்காக எழுதிய வாசகம் இன்றைய தேர்தலுக்குப் போதாது.

விடுதலைக்குப் பின் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. 1958-ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிகள் சட்டம் மாவட்டக் கழகங்களுக்கு முடிவுகட்டி, ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம் என்ற இரண்டு அடுக்குகளை நிறுவியது. ஊராட்சித் தலைவர்களே ஒன்றியக் குழுவின் உறுப்பினர்கள். அவர்கள் கூடித் தங்களுக்குள் ஒன்றியப் பெருந்தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தொடக்கப் பள்ளிகள் ஒன்றியத்தின் கையில் இருந்ததால் பெருந்தலைவர் பதவிக்குப் பெரும் செல்வாக்கு இருந்தது. சில பத்துப் பேரின் வாக்கை வசப்படுத்தினால் ஓர் ஒன்றியம் முழுவதும் வசமாகும் என்ற நிலை இங்கே தொடங்கியது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் மறைமுகத் தேர்தலில் அதே கணக்குதான் போடப்படுகிறது.

1970-க்குப் பின் 1986 வரை ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. அந்த இடைவெளியில் கிராமம் மாறியிருந்தது. பண்ணைகளின் பிடி தளர்ந்தது. வெளியூர்க் கூலியும் வளைகுடா வருமானமும் ஊருக்குள் வந்தன. வட்டித் தொழில், கல்குவாரி, மதுக்கடை, மனை வணிகம் ஆகியவற்றால் புதுப் பணக்காரர்கள் உருவானார்கள். பழைய நிலக்கிழாருக்குக் கும்பிட்டு வாக்களித்தவரின் பிள்ளை அதே காரணத்துக்காக வாக்களிக்க ஆயத்தமாக இல்லை. பிறப்பாலும் நிலத்தாலும் தானாக வந்த வாக்கை இனி ஏதாவது கொடுத்துத்தான் பெற வேண்டியிருந்தது. ஆகவே, கிராமத் தேர்தலில் ரொக்கம் நுழைந்ததை ஒழுக்கச் சரிவு என்று மட்டும் கூறுவது பாதி உண்மை. அடிமைத்தனம் விட்டுப்போன இடத்தில் பணம் வந்து உட்கார்ந்தது என்பதே மறுபாதி.

அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு, 1996-இல் தேர்தல் நடந்தது. ஐந்தாண்டுக்கொரு தேர்தல், இடஒதுக்கீடு, மாநில நிதி ஆணையம் ஆகிய மூன்றும் சட்டத்தின் கொடைகள். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் முதலில் 8 சதவீதமும் பின்னர் 10 சதவீதமும் உள்ளாட்சிகளுக்கு வந்தது. 2006-க்குப் பின் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. நூறுநாள் வேலைத் திட்டமும் சேர்ந்தது. இவை தவிர மனைப்பிரிவு, கட்டட அனுமதி, குடிநீர் இணைப்பு, குளத்து மீன் குத்தகை ஆகியவையும் ஊராட்சியின் வாசலைத் தாண்டியே போக வேண்டியிருந்தன. நகர ஓரத்து ஊராட்சி ஒன்றின் தலைவருடைய கையெழுத்து எவ்வளவு பெறும் என்பதை மனை வணிகர்கள் நன்கு அறிவார்கள். அந்தப் பதவிக்கு அரசு வழங்கிய மதிப்பூதியம் நெடுங்காலம் மாதம் ஆயிரம் ரூபாயாகவே இருந்தது.

ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சி சார்பற்றவை. சுயேச்சைச் சின்னங்களில் நடப்பவை. கட்சியின் கஜானா அங்கே நேரடியாக வராது. செலவெல்லாம் வேட்பாளரின் கைப்பணம், அல்லது கடன். அடகு வைத்த நகையும் விற்ற நிலமும் தேர்தலுக்குப் போகும்போது, ஐந்தாண்டுக்குள் அதை மீட்டாக வேண்டும் என்ற கட்டாயம் வேட்பாளர் மனத்தில் முதல் நாளே ஏறிவிடுகிறது. சாலைப் பணியின் தரமும் தெருவிளக்கின் விலையும் அங்கேயே முடிவாகின்றன.

பதவி ஏலம் இந்தச் சூழலில்தான் பரவியது. அதன் நடைமுறை புதிதன்று. குளத்து மீன், பொதுப் புளியமரத்து மகசூல், திருவிழாக் கடை ஆகியவற்றை ஊர்க்கூட்டத்தில் ஏலம் விடுவது கிராமங்களில் நெடுநாள் வழக்கம். கோயில் முன் ஊர் கூடும். கேட்பவர்கள் தொகை சொல்வார்கள். கூடுதல் கேட்டவர் முன்பணம் கட்டுவார். மீதிக்குக் கெடு வைக்கப்படும். அதே முறையில் பதவியும் ஏலத்துக்கு வந்தது. ஏலம் எடுத்தவரைத் தவிர வேறு யாரும் மனுத்தாக்கல் செய்யக்கூடாது, செய்தவர் திரும்பப் பெற வேண்டும், மீறினால் ஊர்க்கட்டுப்பாடு. தொகை கோயில் திருப்பணிக்கோ ஊர்ப் பொதுக்கணக்குக்கோ போகும்.

துணைத்தலைவர் பதவியும் ஏன் ஏலம் போகிறது என்பதற்கு விடை காசோலையில் இருக்கிறது. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர், துணைத்தலைவர் இருவரின் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் முறைகேடு செய்யாமல் மற்றவர் தடுப்பதற்காக வைத்த ஏற்பாடு அது. நடுக்குப்பத்தில் இரண்டாவது கையெழுத்தின் விலை 15 லட்சம்.

ஏலத்தை ஆதரிப்பவர்கள் சொல்லும் நியாயத்தைத் தள்ளிவிட முடியாது. வேட்பாளர் எப்படியும் செலவழிக்கப்போகிறார். அது மதுக்கடைக்கும் இரவுப் பட்டுவாடாவுக்கும் போவதைவிடக் கோயிலுக்கு வருவது நல்லது. பங்காளிகளுக்குள் பகை மூளாது என்கிறார்கள். வாக்கு விலைபோவதைக் கண்டு சலித்த ஊர்கள் கண்டுபிடித்த தற்காப்பு இது. ஆனால் ஏலக்கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்தால் அந்த நியாயம் நிற்பதில்லை. ஊர்க்கூட்டம் என்பது பெரும்பாலும் ஆதிக்கச் சாதி ஆண்களின் கூட்டம். சேரிக்கு அங்கே இடமில்லை, பெண்களுக்கும் இடமில்லை. வாக்குச்சீட்டு இவர்களுக்குக் கொடுத்த ஒரே சமமான உரிமையை ஏலம் பறித்துவிடுகிறது.

எதிர்ப்பவருக்கு நேர்வது என்ன என்பதற்கு விருதுநகர் மாவட்டம் கோட்டைப்பட்டி சான்று. 2019 டிசம்பரில் அங்கே தலைவர் பதவியை ஏலம் விடுவதை எதிர்த்துப் பேசிய இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார்.

இடஒதுக்கீட்டு ஊராட்சிகளில் பணம் வேறு வடிவம் எடுத்தது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட, மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் தடுக்கப்பட்டது. நடந்தபோதும் ஆதிக்கச் சாதியினரின் சொல்படி நிறுத்தப்பட்டவர் வென்று உடனே பதவி விலகினார். 2006 அக்டோபரில்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. அவ்வாறே ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் தடையை மீறிப் பதவியேற்ற தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். இத்தகைய வெளிப்படையான தடை குறைந்த பின், மனுச் செலவு முதல் பட்டுவாடா வரை வேறொருவர் பணம் போட்டுத் தலைவரை நிறுத்தி, காசோலைப் புத்தகத்தைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் தொடர்ந்தது. பெண்களுக்கான இடங்களில் அந்த வேறொருவர் பெரும்பாலும் கணவர்.

2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் சட்டமன்ற இடைத்தேர்தல் வாக்குக்குப் பணம் கொடுப்பதை ஒரு முறையாகவே மாற்றியது என்பது பொதுக் கருத்து. ‘திருமங்கலம் பார்முலா’ என்ற சொல் அங்கே பிறந்தது. வாக்காளர் பட்டியலைப் பாகம் பாகமாகப் பிரித்து, தெருவுக்கொருவரைப் பொறுப்பாக்கி, உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் ஏற்பாடு கிராமத் தேர்தலுக்கும் இறங்கியது. சட்டமன்றத் தொகுதியில் ஒரு வாக்கு பெருங்கடலில் ஒரு துளி. சில நூறு வாக்காளர் கொண்ட வார்டில் பத்து வாக்கு வெற்றியைத் தீர்மானிக்கும். அதனால் தலைக்குக் கொடுக்கும் தொகையும் கூடுகிறது. வாங்கியவர் பெயர் அருகில் பென்சில் குறி; வெளியூரில் இருப்பவருக்குப் பேருந்துச் செலவு; கற்பூரம் ஏற்றிச் சத்தியம். எதிராளி கூடுதலாகக் கொடுத்தால் கடைசி இரவில் இரண்டாம் சுற்று. பணம் கைக்கு வராத வீட்டில், மறுநாள் காலை, தங்களை மதிக்கவில்லை என்ற வருத்தம் பேசப்படுகிறது. கவர் இங்கே விலையாக மட்டுமன்றி மரியாதையாகவும் ஆகிவிட்டது. வாக்குக்குப் பணம் என்னும் நோயில் ஆழமானது இதுவே.

மறைமுகத் தேர்தலில் பணம் ஒடுங்கிய பாதையில் பாய்கிறது. ஒன்றியப் பெருந்தலைவரை இப்போது ஒன்றிய வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இருபது பேர் கொண்ட குழுவில் பதினொருவர் போதும். 2020 ஜனவரி 11 அன்று நடந்த மறைமுகத் தேர்தலின்போது உறுப்பினர்களை வெளியூர் விடுதிகளில் தங்கவைத்ததும் கடத்தல் புகார்களும் போதிய உறுப்பினர்கள் வராமல் தேர்தல் தள்ளிப்போனதும் பல மாவட்டங்களில் நிகழ்ந்தன.

செலவு வரம்பு இவை எதையும் தொடுவதில்லை. 2019-இல் ஊராட்சி வார்டுக்கு 9,000 ரூபாய், ஒன்றிய வார்டுக்கு 85,000 ரூபாய், மாவட்ட ஊராட்சி வார்டுக்கு 1,70,000 ரூபாய் என்று வரம்பு இருந்தது. பட்டுவாடா எந்தக் கணக்கிலும் ஏறாது. ஏலத்திலோ தேர்தலே இல்லை. கணக்கில் வேட்புமனுவோடு கட்டிய 600 ரூபாய் வைப்புத்தொகைக்கு மேல் காட்ட எதுவும் இல்லை. அத்தேர்தலில் 410 ஊராட்சித் தலைவர்கள் உட்பட 18,570 பேர் போட்டியின்றித் தேர்வானார்கள். அனைத்தும் ஏலம் என்று கூற முடியாது. உண்மையான ஊர் ஒற்றுமையும் அவற்றில் உண்டு. எது ஒற்றுமை, எது ஏலம் என்று பிரித்தறிய ஆணையத்திடம் தற்போது வழிமுறை இல்லை என்பதே குறை.

பணம் புகுந்த தேர்தலை நிறுத்தும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லாமலும் இல்லை. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017 ஏப்ரலில் இராதாகிருஷ்ணன் நகர், 2019 ஏப்ரலில் வேலூர் ஆகிய தொகுதிகளில் பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி இந்தியத் தேர்தல் ஆணையம் தேர்தலை நிறுத்தியது. உள்ளாட்சிக் களத்தில் மாநிலத் தேர்தல் ஆணையங்களுக்கும் அதே நிலையிலான அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் கூறியது. மகாராஷ்டிர மாநிலத் தேர்தல் ஆணையம் அதைச் செய்தும் காட்டியது. நாசிக் மாவட்டம் உம்ராணே கிராமத்தில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் பதவி ஏலம் போனது தெரிந்ததும், 2021 ஜனவரியில் அந்த ஊராட்சியின் தேர்தலையே ரத்துசெய்தது.

தமிழ்நாட்டில் 2019-இல் தேர்வான ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். இனி வரும் தேர்தலின் அறிவிக்கையிலேயே, ஏலம் நடந்த ஊராட்சியில் தேர்தல் ரத்தாகும் என்று ஆணையம் எழுதிவைக்க வேண்டும். போட்டியின்றித் தேர்வாகும் ஒவ்வொரு தலைவரின் தேர்வையும், சேரி மக்களையும் பெண்களையும் நேரில் கேட்டு விசாரித்த பின்னரே அறிவிக்க வேண்டும்.