நாய்க்கும் ஓர் அறை

வழிப்போக்கரோடு வரும் விலங்குக்கும் இடமளிப்பது நம் நாட்டில் பழைய அறம். பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை, சோழ பாண்டிய நாடுகளையும் உள்ளிட்டு, மனிதர்க்கும் விலங்குக்கும் மருத்துவம் வகுத்ததையும் வழியெங்கும் கிணறு வெட்டி மரம் நட்டதையும் கூறுகிறது. பூவிருந்தவல்லிச் சாலை போன்ற பெருவழிகளில் மாடும் குதிரையும் இளைப்பாறாமல் பயணம் நகராது. நாய் அப்படியன்று. அது வண்டி இழுப்பதில்லை. ஆகவே விருந்தினர் கணக்கில் சேரவுமில்லை.

1856இல் ராயபுரத்திலிருந்து இன்றைய அம்பத்தூர், ஆவடி வழியே வாலாஜா ரோடு வரை தென்னகத்தின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. இழுக்கும் விலங்கே வேண்டாத அப்பாதையில் நாய் சுமையாயிற்று. இன்றும் முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் பதிவு செய்தவரே அதை உடன் வைத்துக்கொள்ளலாம். ஏனையோரின் நாய்க்குக் கார்டு பெட்டியில் கூண்டுதான்.

ஆகவே, நாயோடு வருவோரை ஏற்கும் விடுதிகளை வெறும் நாகரிக மோகம் என்று தள்ளிவிட இயலாது. மகாபாரதத்தின் இறுதியில், நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறுமாறு இந்திரன் சொல்ல, தருமன் மறுக்கிறான். பயன் கருதியன்று, உடன் வந்தது என்பதற்காகவே ஓர் உயிருக்கு இடம் கேட்டான் அவன். விடுதி வாசலில் நாயோடு நிற்பவர் கேட்பதும் அதையே.