ஊழியம்
தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே "தம்பி ஊழியத்துல இருக்காப்ல" என்றால் முழுநேரப் பிரசங்கியார் என்று பொருள். அந்நாளைய தென்திருவிதாங்கூரில் இதே சொல்லைக் கேட்டால் முதுகு வலித்திருக்கும். அங்கே ஊழியம் என்பது கூலியில்லாக் கட்டாய வேலையாக இருந்தது; நாடார் உள்ளிட்ட சாதியார் அரசுக்காகச் சுமை தூக்கவேண்டியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கர்னல் மன்றோ அங்கே பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தபோது, கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் விலக்குக் கிடைத்தது. அந்த ஞாயிறன்று ஆலயத்தில் அவர்கள் செய்ததற்கும் பெயர் ஊழியம்தான்! முன்னது பிடித்திழுத்து வாங்கியது. பின்னது நன்றியால் தாமே கொடுத்தது. தமிழ் வேதாகமத்தில் இச்சொல் நிற்கும் பல இடங்களில் கிரேக்க மூலம் 'தியாகோனியா'. பந்தியில் பரிமாறுவதும் அதில் அடக்கம். டீக்கன் என்ற பட்டமும் அவ்வழி வந்ததே. ஆனாலும் அசனம் என்னும் சபை விருந்தன்று அண்டா கழுவும் அக்காவை யாரும் ஊழியக்காரி என்பதில்லை.