ரகசியம் காக்கச் சொன்ன ஒரு கடிதம்

வேலை பார்க்கும் இடத்தில் நடக்கும் தில்லுமுல்லை மேலிடத்துக்குச் சொல்பவரை 'விசில் ப்ளோயர்' என்கிறார்கள். நம்ம ஊர்ப் பக்கம் 'போட்டுக்கொடுக்கிறவன்' என்போம். பேரிலேயே ஒரு இளக்காரம் இருக்கிறது பாருங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு இந்தியாவில் சட்டப் பாதுகாப்பு எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. (வந்ததா என்பதையும் பார்ப்போம்.)

சத்யேந்திர துபே பீகாரின் சிவான் மாவட்டத்துக்காரர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் சிவில் இன்ஜினியரிங் படித்தவர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் சேர்ந்து, தங்க நாற்கரச் சாலைப் பணியை ஜார்க்கண்டின் கோடர்மாவில் இருந்து கவனித்தார். பெரிய நிறுவனங்கள் ஒப்பந்தம் எடுத்துவிட்டு, வேலையைச் சின்னக் காண்டிராக்டர்களிடம் தள்ளிவிடுவதையும் தரம் கெடுவதையும் பார்த்தார். 2002 நவம்பரில் நேராகப் பிரதமர் அலுவலகத்துக்கே எழுதினார். கடிதத்தில் கையெழுத்து இல்லை. தான் யார் என்பதைத் தனித் தாளில் இணைத்து, அதை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். அந்தத் தாளும் சேர்ந்தே அமைச்சகத்துக்குப் போனது. அங்கிருந்து எந்த ஆணையத்தைப் பற்றி எழுதினாரோ அதே ஆணையத்துக்கும் போனது! 2003 நவம்பர் 27 அதிகாலை, கயாவில் ரயிலை விட்டு இறங்கி ரிக்‌ஷாவில் வீட்டுக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றது சி.பி.ஐ. 2010இல் மூன்று பேருக்குத் தண்டனை கிடைத்தது. குடும்பத்தார் அந்த முடிவை ஏற்கவில்லை.

பீகார் கதைதானே என்று நினைக்க வேண்டாம். நெல்லையைத் தொட்டுக் கன்னியாகுமரி போகும் நான்குவழிச் சாலையும் அதே மேம்பாட்டுத் திட்டத்தின் அடுத்த கட்டத்தில் போட்டதுதான்.

இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2001இலேயே வரைவோடு அறிக்கை கொடுத்திருந்தது. ஆனால் துபே செத்த பிறகு, உச்ச நீதிமன்றம் கேட்ட பிறகுதான், 2004 ஏப்ரல் 21இல் மத்திய அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. மத்திய அரசு ஊழியர், பொதுத்துறை ஊழியர் மீதான புகாரை ஒட்டிய உறையில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அனுப்பலாம். பெயரைத் தனித் தாளில் எழுதலாம், ஆணையம் அதை வெளியிடாது. துபே செய்தது இதைத்தானே? அடுத்த ஆண்டே, 2005 நவம்பரில், இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் உத்தரப் பிரதேசத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கலப்பட பெட்ரோல் பங்கைச் சீல் வைத்தவர் அவர்.

முழுச் சட்டம் 2014 மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது. ஆனால் அரசு ஒரு தேதியை அறிவித்தால்தான் அது நடைமுறைக்கு வரும். அந்தத் தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை. 2015இல் அதைத் திருத்த ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறி, 2019இல் காலாவதியானது.

சரி, பாபநாசத்துக்கு வருவோம். அருவித் தண்ணீரை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880களில் விக்கிரமசிங்கபுரத்தில் தொடங்கிய பஞ்சாலையில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த குடும்பங்கள் இங்கே நிறைய. தனியார் ஆலைத் தொழிலாளிக்கு மேலே சொன்ன 2004 தீர்மானம் பொருந்தாது. அவருக்குக் கிடைத்தது வேறு: போபால் விஷவாயுவுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்த்த 111ஏ பிரிவு. பாதுகாப்புக் குறைவைத் தொழிற்சாலை ஆய்வாளரிடம் தொழிலாளி நேரடியாகவே முறையிடலாம் என்றது அது. முறையிட்டவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று அந்தப் பிரிவில் ஒரு வரி இருக்கவில்லை.