‘செல்லாத்தா’: ஒரு திருவிழாப் பாட்டும் அதற்கு அடி கொடுத்தவர்களும்

நாட்டுப்புறவியல் தொகுப்புகளில் எல்.ஆர்.ஈஸ்வரியின் ‘செல்லாத்தா’வுக்கு இடமில்லை. நா.வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ (1964) உறுதிப்படுத்திய மரபு, ஆசிரியன் இல்லாத வாய்மொழிப் பாட்டையே தேடிப் போனது. எழுதியவர், இசையமைத்தவர், கம்பெனி என்று உரிமைக்காரர்கள் உள்ள இசைத்தட்டு அந்த வரையறைக்குள் வராது. பக்தி இலக்கியக்காரர்களும் இதைச் சீண்டுவதில்லை. ஆனா சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் எந்த ஊரில் நோன்பு சாட்டினாலும் முதலில் காதில் விழுவது இதுதான். ஆடி என்று கணக்கில்லை. தை, மாசி, பங்குனி, ராசிபுரத்தில் ஐப்பசி. மக்கள் பாட்டு என்று எதைச் சொல்வது என்ற கேள்வியை இங்கிருந்து தொடங்கலாம்.

முதலில் குரல். ஈஸ்வரி 1939இல் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. அம்மா ஜெமினி ஸ்டுடியோவில் கோரஸ் பாடியவர். ‘பாசமலர்’ (1961) கல்யாணப் பாட்டில் பேர் வாங்கினாலும், தமிழ் சினிமா அவருக்கு ஒதுக்கிய இடம் வேறு. ‘பணமா பாசமா’வின் (1968) எலந்தப்பழப் பாட்டு, ‘சிவந்த மண்’ (1969) படத்தில் சவுக்கடிக்கு நடுவே ஆடுபவளின் பாட்டு. குடும்பப் பெண்ணுக்கு சுசீலாவின் குரல், கிளப்பில் ஆடுபவளுக்கு ஈஸ்வரியின் குரல் என்று பெண்ணுடலை இரண்டாகப் பிரித்த பாகுபாடு அது. அப்படி ‘கெட்டவளின்’ குரலாகக் கட்டமைக்கப்பட்டதுதான் இசைத்தட்டில் மாரியாத்தாவின் குரலாக மாறியது. இதில் முரண் ஒன்றும் இல்லை என்பேன். மாரி கணவன் பக்கத்தில் அடங்கி உட்கார்ந்திருக்கும் பெருந்தெய்வம் அல்ல. அம்மை போடுகிறவள், ஆள்மேல் வருகிறவள், கேட்டு வாங்குகிறவள். அவளுக்கு மெல்லிய குரல் எடுபடாது. கோயில் கட்டி, கும்பாபிஷேகம் பண்ணி, சமஸ்கிருத அர்ச்சனை வைத்து அவளைச் சாந்தப்படுத்தும் வேலை ஒருபக்கம் நடக்க, குழாய் ரேடியோவில் இன்னொருத்தி கத்திக்கொண்டே இருந்தாள்.

அடுத்தது அடி. பாட்டைத் தூக்கி நிறுத்துவது தாளம்தான்; பம்பையும் தப்பட்டையும் தெருவில் அடித்த அடி, சினிமா ஸ்டுடியோவின் வாத்தியங்களோடு சேர்ந்து வருகிறது. 1965இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் மின்கிதாரோடு மேடையேறியபோது, தூய நாட்டுப்புற இசை கெட்டுப்போச்சு என்று கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. நம்ம ஊரில் தெருவின் அடி ஸ்டுடியோவுக்குள் போனபோது யாரும் கூச்சல் போடவில்லை. கெட்டுப்போவதற்கு அது ஒரு இசை என்று யாராவது முதலில் ஒத்துக்கொண்டிருக்க வேண்டுமே!

தப்பட்டை செத்த மாட்டின் தோல். அடிப்பவர் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் அருந்ததியர். அவர் எந்தத் தெருவரை அடித்துக்கொண்டு வரலாம், கோயிலுக்கு எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஊர் வகுத்த கட்டு. இசைத்தட்டில் வரும் அடிக்குத் தோல் இல்லை, ஆள் இல்லை. ஆகவே தீட்டும் இல்லை. கருவறைச் சுவரிலேயே ஸ்பீக்கரைக் கட்டலாம். தமிழ்க் கிராமத்தில் காசெட் போடுவதே ஒரு வழிபாட்டு நிகழ்த்துதல் என்று பால் கிரீன் 1999இல் எழுதினார். சரிதான். அதோடு சேர்க்க வேண்டியது, இந்த நிகழ்த்துதலில் அடி உள்ளே போகிறது, அடித்தவர் வெளியிலேயே நிற்கிறார் என்பது.

காசெட் வந்து மேளத்தை ஒழித்துவிட்டது என்ற புலம்பலோடு எனக்கு முழு உடன்பாடில்லை. கம்பம் நடும் ஊர்களில் போய்ப் பாருங்கள். முக்கிளையாக வெட்டிவந்த மரம்தான் ஆத்தாளுக்குப் புருஷன். ராத்திரி அதைச் சுற்றி ஆடும்போது செட்டுக்காரரை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். ஆடுகிறவன் காலைப் பார்த்து அடியை மாற்ற இசைத்தட்டுக்குத் தெரியாது. கடைசி நாள் கம்பத்தைப் பிடுங்கித் தண்ணீரில் விடும்போதும் மேளம் வேண்டும். (ராசிபுரத்தில் பிடுங்குவதில்லை, கம்பம் நிரந்தரமாக நிற்பதால் அங்கே அவள் நித்திய சுமங்கலி மாரியம்மன்.) ஆக, சடங்குக்கு மேளக்காரர் தேவைப்படுகிறார், கொண்டாட்டத்துக்குத் தேவைப்படவில்லை. கட்டாய வேலை மிஞ்சியது. பகலெல்லாம் தெருவில் அடித்துக் கிடைத்த கைதட்டலைப் பாட்டு எடுத்துக்கொண்டது.

இதற்கு எதிர்வினை இரண்டு விதமாக வந்தது. ஒன்று, அடிக்க மறுப்பது. காட்டுமன்னார்கோயில் பக்கம் எல்.இளையபெருமாள் நடத்தியது அதைத்தான். இன்னொன்று, கோயிலும் சாவும் இல்லாத மேடையில் ஏறி அடிப்பது. தொண்ணூறுகளின் தலித் கலை விழாக்கள், பெண்கள் பறையடித்த திண்டுக்கல் சக்தி கலைக்குழு, 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ எல்லாம் இந்த இரண்டாவது வழி. மின்கிதாரும் பறையும் அங்கே சேர்ந்தபோது அடித்தவர் முகமும் தெரிந்தது. ‘செல்லாத்தா’ செய்யாமல் விட்டது இது. அதற்காக அந்தப் பாட்டைத் தள்ளிவிடவும் முடியாது. அடி எல்லாச் சாதித் தெருவிலும் கேட்டுப் பழகிய காதுகளை உண்டாக்கியதில் அதற்குப் பங்கு உண்டு.

2020இல் ‘மூக்குத்தி அம்மன்’ படத்துக்காக எண்பது வயது ஈஸ்வரியையே கூப்பிட்டு ‘ஆடிக் குத்து’ பாட வைத்தார்கள். போலிச் சாமியாரைக் கிண்டலடிக்கும் படத்துக்கும் ஆத்தா என்றால் அந்தக் குரல்தான் வேண்டியிருந்தது. அடுத்த ஆடிக்கே அதுவும் செட்டுக்காரர்களின் பட்டியலில் சேர்ந்துகொண்டது.

நாமக்கல் சுற்றுவட்டார நோன்பு நோட்டீஸ்கள் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். பூ அலங்காரம் இன்னார், பந்தல் இன்னார், ஒலி ஒளி இன்னார் சவுண்ட் சர்வீஸ் என்று போன் நம்பரோடு அச்சாகியிருக்கிறது. கம்பத்துக்கு அடிக்கப்போகிறவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. ‘மேளதாளங்களுடன்’ என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது.