கூட இருப்பவளின் கூலி

1823இல் பிரெஞ்சு அரசு புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. கோரிமேட்டு ஜிப்மரின் வேர் அதுதான். வில்லியனூரிலோ பாகூரிலோ பைக்கிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடிபட்டவரை ஊரார் தூக்கிக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் அங்கேதான். மருத்துவமனையின் இருநூறு ஆண்டு வரலாற்றை எழுத ஆவணங்கள் உண்டு. அங்கிருந்து வீடு திரும்பியவரைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் வரலாற்றை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

இந்தப் பராமரிப்பைத் தொன்றுதொட்டு வரும் பெண்கடமை என்றே நினைக்கிறோம். உண்மையில் இதன் இன்றைய வடிவம் புதியது. 1971இல் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. 1974இல் சுயநினைவின் அளவை மதிப்பிடும் கிளாஸ்கோ அளவுகோல் வந்தது. மண்டைக்குள் உறையும் இரத்தத்தை உடனே கண்டுபிடித்து அகற்ற முடிந்ததால், முன்பு இறந்திருக்கக்கூடிய பலர் பிழைத்தார்கள். உயிரை மருத்துவம் மீட்டது. மீதி வாழ்நாளை வீட்டிடம் ஒப்படைத்தது. வீடு என்றால் மனைவி, அம்மா, மகள், மருமகள்.

தையல் ஆறிவிடும். கோபம், மறதி, சந்தேகம், எதிலும் நாட்டமின்மை ஆகியவை ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம். வெளிக்காயம் தெரியாததால், ‘நல்லாத்தானே இருக்கிறான், அவள்தான் சரியில்லை’ என்று ஊர் பேசும். நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்வந்தவள் வீட்டோடு நின்றுவிட, இரண்டு பேர் வருமானமும் ஒன்றாக அறுந்துபோகிறது. ஆள் இருந்தும் பழகிய மனிதர் இல்லாத இந்நிலையை அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்ற கருத்தால் விளக்கினார். சாவுக்கு ஒப்பாரி உண்டு, கருமாதி உண்டு, விதவை உதவித்தொகையும் உண்டு. இந்த இழப்புக்குச் சடங்குமில்லை, படிவமுமில்லை.

சட்டமும் மெதுவாகத்தான் வந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களை ஏற்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. அந்தப் பட்டியலிலும் விபத்தால் வரும் மூளைக்காயத்துக்குத் தனிப் பெயர் இல்லை. ஆனால் அதன் 24ஆம் பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி பற்றிப் பேசுகிறது. 2020இல் உச்ச நீதிமன்றம், 12 வயதில் தலையில் பலத்த அடிபட்ட ஒரு சிறுமியின் வழக்கில், இரண்டு உதவியாளர்களுக்கு மாதம் தலா 5,000 ரூபாய் என்று வைத்து, அதன் ஆண்டுத் தொகையை 18ஆல் பெருக்கி, 21,60,000 ரூபாய் கணக்கிட்டது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது உழைப்பு, அதற்கு விலை உண்டு என்பதை இந்தக் கணக்கு ஒப்புக்கொள்கிறது. ஆனால் வேறு வண்டி மோதாமல் தானே வழுக்கி விழுந்தவரின் வீட்டுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீட்டிலிருந்து எதுவும் வராது.

2019 பிப்ரவரியில் புதுச்சேரியில் தலைக்கவசம் பெரிய அரசியலானது. துணைநிலை ஆளுநர் தெருவில் இறங்கி வண்டிகளை நிறுத்தினார்; முதலமைச்சர் ராஜ்நிவாஸ் முன் தர்ணாவில் அமர்ந்தார். யாருக்கு அதிகாரம் என்பதே பேச்சானது. தலைக்கவசம் போடாத தலைக்கு வாழ்நாள் முழுதும் விலை கொடுப்பவள் யார் என்ற கேள்வியையும் அங்கே வைத்திருக்க வேண்டும். அதே ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமற்ற வீட்டுவேலை செய்வோரில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாகப் பதிவானது. விபத்து வந்து சேர்வது இந்த 299க்கு மேல்தான்.

ஆகவே ‘பொறுமையாக இரு’ என்பது அவளுக்கு உதவியாகாது. வாரத்தில் இரண்டு நாள் கொழுந்தனோ மகனோ முறை வைத்துப் பார்த்துக்கொள்வது, அந்தக் கோபம் காயத்தின் விளைவு என்று மருத்துவர் குடும்பத்தார் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்வது, அடி விழுந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை என்று அவளிடம் தெளிவாகச் சொல்வது, மகளிர் குழு அவள் தவணைக்குத் தவணை தள்ளித் தருவது: இவை சுமையைக் குறைக்கும். ஊனச் சான்றிதழுக்கும் பராமரிப்பாளர் படிக்கும் மனு எழுத அவளோடு ஒருத்தி அலுவலகம்வரை நடந்தால், அவள் பெயர் ஒரு பதிவேட்டிலாவது ஏறும்.