மெய்நிகர்க் கணினிகளில் இயங்குதள மேம்பாடு

ஒரே சர்வரின்மீது மென்பொருளால் தோற்றுவிக்கப்பட்டுத் தனித்தனிக் கணினிகளாகவே நடந்துகொள்ளும் மெய்நிகர்க் கணினிகளில், பழைய இயங்குதளத்தின் ஸ்தானத்தில் புதிய பதிப்பை நிறுவும் கிரியை இது. எடுத்துக்காட்டாக, தமிழகத்தின் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் தத்தம் இணையதளங்களைத் தேசிய தகவலியல் மையத்தின் மேகக் கட்டமைப்பில் வைத்திருப்பதால், அவ்விரு மாவட்டங்களிலும் ஒருவரும் கண்ணால் காணாத யந்திரங்களில் இக்காரியம் நிகழ்கிறது.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிவுற்றதை ஒட்டி, தமிழக அரசு தன் துறைகளை டெபியனை ஆதாரமாகக் கொண்ட பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு அறிவுறுத்தியது. அது மேசைக் கணினிகளைப் பற்றியது. சர்வர்களுக்கு, ஆதரவு முடிவால் எழும் அத்தகைய நெருக்கடி, செண்ட்ஓஎஸ் 7 என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் ஆயுள் தீர்ந்த 2024 ஜூன் 30இல் வந்தது.

மாற்றத்துக்குமுன் கணினியின் அந்நேர நிலையைப் பதிந்து எடுக்கும் ஸ்னாப்ஷாட், முயற்சி பழுதானால் கணினியைச் சில நிமிஷங்களில் பூர்வநிலைக்கு மீட்டுத் தரும். ஆயினும் அதைக் காப்புப் பிரதியென்று எண்ணுவது பேதைமை: மூல வட்டு அழியின் அதுவும் பயனற்றுப்போம், நீக்காது விட்டாலோ வளர்ந்து சேமிப்பிடத்தை நிரப்பிவிடும். இதனினும் சூக்ஷ்மமான இடர் ஒன்றுண்டு. ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 வரிசை, பிராசஸரில் எக்ஸ்86-64-வி2 என்னும் கட்டளைத் தொகுதியை எதிர்பார்க்கிறது. கேவிஎம்64 போன்ற பழைய பிராசஸர் மாதிரி அமைப்பிலுள்ள மெய்நிகர்க் கணினியோ, அடியிலுள்ள சர்வர் எத்துணைப் புதியதாயினும், அத்தொகுதியைக் காட்டாமையால் எழும்பாது. மாதிரியை முன்னரே மாற்றிவிட்டால் சிரமமில்லை. பெரும் பதிப்பு மாற்றங்களில், இருந்த இடத்திலேயே உயர்த்துவதைக் காட்டிலும், அருகே புதியதொன்றை அமைத்துத் தரவுகளைப் பெயர்ப்பதே உசிதம்.